என் காலுக்கு வந்த கிராக்கி

எங்கள் வகுப்பில் நாற்பது பேர். உடைந்த கால் ஒன்றே ஒன்று. அது என்னுடையது.

வேறு வாரமாக இருந்தால் என் மாவுக்கட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாரத்தைத் தலைமையாசிரியை 'உதவி வாரம்' என்று அறிவித்துவிட்டார். ஆளுக்கு ஓர் அட்டை. உதவி பெற்றவர்களிடம் பத்துக் கையெழுத்து வாங்கினால் 'நற்பண்புச் செம்மல்' பட்டம். சட்டையில் குத்திக்கொள்ளப் பளபளவென்று ஒரு பேட்ஜ்.

அவ்வளவுதான், என் காலுக்கு ஏகக் கிராக்கி. ஒரே காலையில் ஏழு பேர் தண்ணீர் கொடுத்தார்கள். இருவர் என் பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வார் அறுந்தது. இருவருமே கையெழுத்துக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சதுரங்க அணிக்குத் தேர்வு. மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பத்து நிமிடம்தான் இருந்தது. என் ஊன்றுகோலைக் காணவில்லை.

"நீ சிரமப்படக் கூடாதுன்னு அலமாரி மேல வச்சிட்டேன்," என்றான் வகுப்புத் தலைவன்.

"கோல் இல்லாம எப்படிடா நடப்பேன்?"

"நடக்காத. நான் தூக்கிட்டுப் போறேன். எனக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"எனக்கு ரெண்டு பாக்கி. தள்ளுடா, இவளை நான் பாத்துக்கறேன்," என்றாள் ஒலிபெருக்கி. அவள் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும்.

பின்னால் வரிசையே நின்றது.

"எல்லாரும் அட்டையைக் கொடுங்க," என்றேன். "இனிமே செய்யப்போற உதவிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

போட்டேன். விரல் வலித்தது. தலைவன் குனிந்து அழகாக நன்றி சொன்னான். நிமிர்ந்து பார்த்தால் வகுப்பே காலி. கோல் அலமாரி மேலேயே இருந்தது.

ஒருவன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். உம்மணாமூஞ்சி. யாருக்கும் ஒரு வணக்கம் சொல்லாதவன்.

"உன் அட்டை எங்கே?"

"தொலைஞ்சுபோச்சு. பிடி கோலை. சீக்கிரம் எந்திரி, உன்னால எனக்கும் லேட்டு."

"நீயும் செஸ்ஸுக்கா?"

"பின்ன? நீ வரலைன்னா நான் யார்கூட ஆடறது? மத்ததெல்லாம் அரைவேக்காடு."

மணி அடித்தபோது நான் இன்னும் பாதி வராந்தாவில் இருந்தேன். அவன் முன்னால் ஓடிக் கதவிடுக்கில் காலை நீட்டினான்.

"காலை எடுப்பா," என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"அவ வரட்டும் சார்."

முதல் ஆட்டமே எனக்கும் அவனுக்கும். துளியும் இரக்கமில்லாமல் என் ராணியை வெட்டினான். அந்த வாரம் முழுவதிலும் எனக்கு நிம்மதியாக இருந்தது அப்போதுதான்.