குகைக்குள் கேப்டன் என்ன செய்தார்?

எங்கள் வீட்டில் ஒரு படம் உண்டு. அது பாதியில் நின்றுவிடும்.

படத்தின் நிஜப் பெயர் அட்டையில் தேய்ந்தே போய்விட்டது. நாங்கள் வைத்த பெயர் ‘ஒத்தை பூட்ஸ் கேப்டன்’. அதில் ஒரு கப்பல் கேப்டன் தனியாக ஒரு தீவில் இறங்குவார். கொட்டும் மழையில் ஒரு குகை வாசலுக்கு வருவார். உள்ளே ஒரு காலை வைப்பார். அவ்வளவுதான், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்பா ரிமோட்டை அழுத்தி அழுத்தி அடுத்த காட்சிக்குத் தள்ளுவார். அங்கே கேப்டன் குகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பார். ஒரு காலில் பூட்ஸ் இருக்காது. கையில் ஓர் ஆடு இருக்கும்.

ஆடு எங்கிருந்து வந்தது, பூட்ஸ் எங்கே போனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் அப்பாதான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். அந்த டிவிடியில் ஒரு சின்னக் கீறல் விழுந்தபோது, “இதெல்லாம் ஒரு வேலையா, குடு இப்படி” என்று வாங்கிக்கொண்டு போனார். லென்ஸைத் தேய்ப்பதுபோலவே வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கொண்டுவந்தார். கீறல் போய்விட்டது. கூடவே குகையும் போய்விட்டது.

“டிவிடியை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைக்கணுமாம். வட்டமா தேய்க்கவே கூடாதாம்” என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது.

ஆனால் போகப்போக எங்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்துப்போனது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் படத்தைப் போடுவோம். குகை வாசலில் அது நின்றதும், யாருடைய முறையோ அவர் எழுந்து டிவிக்கு முன்னால் வந்து, உள்ளே என்ன நடந்தது என்று நடித்துக் காட்ட வேண்டும். எது வேண்டுமானாலும் நடக்கலாம். முடியும்போது ஒரு பூட்ஸ் போயிருக்க வேண்டும், ஓர் ஆடு வந்திருக்க வேண்டும்.

அம்மா பேருந்து ஓட்டுகிறவர். அதனால் அவருடைய குகைக்குள் எப்படியாவது ஒரு பேருந்து வந்துவிடும். அப்பாவின் குகையில் இருக்கும் ஆட்டுக்கு எப்போதும் கண் சரியாகத் தெரியாது. நான் மூன்று தலை நண்டை இறக்குவேன். என் நண்டுக்குத்தான் கைதட்டல் அதிகம். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்களே வந்து கேட்டுப் பாருங்கள்.

தம்பிக்கு மட்டும் முறை வந்ததே இல்லை. வீட்டில் அவனுக்குச் சுண்டு என்று பெயர். வெளியே போனால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டேதான் வருவான். “உனக்கு ஆறு வயசு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று அம்மா சொல்லியிருந்தார். வயது ஒரு சாக்கு. அவன் எல்லார் முன்னாலும் நின்று பயந்துவிடுவானோ என்றுதான் அம்மாவுக்குக் கவலை. வகுப்பில் பாட்டு ஒப்பிக்கச் சொன்னால் சுண்டு எழுந்து நிற்பான். டீச்சரையே பார்ப்பான். அப்படியே உட்கார்ந்துவிடுவான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

படம் போடுகிற ஒரு வாரத்தில் அவனுக்கு ஆறு வயது முடிந்தது; அந்தச் சனிக்கிழமை அவன் முறை என்று முடிவானது. தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாரோடோ பேச ஆரம்பித்தான். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு தடித்த குரல், ஒரு கீச்சுக்குரல்.

“யாருடா உள்ள?”

“யாருமில்ல.” கதவு ஒரு விரல் அளவு திறந்தது. “ஆடு மட்டும்தான் இருக்கு அக்கா.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுண்டு இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் தயாராக இருந்தது. சுண்டு ஒரு குடையையும் தலையணையையும் எடுத்துவந்து சோபா ஓரத்தில் வைத்துக்கொண்டான். தலையணைதான் ஆடு. அதற்கு என் ரிப்பனைக் கட்டியிருந்தான்.

அப்போது வாசல் மணி அடித்தது. வந்தது அப்பாவின் தம்பி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘புதுசு சித்தப்பா’.

அவர் டிவி, ரேடியோ விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். கடைக்குப் புதிதாக எது வந்தாலும் அது முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். சனிக்கிழமைகளில் அவருக்குக் கடையில் கூட்டம், அதனால் எங்கள் படத்துக்கு வந்ததே இல்லை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி.

“அண்ணே, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க. உங்க வீட்டு டிவியில மூஞ்சி எது, முதுகு எதுன்னு தெரியல. அதான் நானே வாங்கிட்டு வந்துட்டேன். புளூரே பிளேயர். சுண்டுப் பயலோட பிறந்தநாளுக்கு” என்றார்.

“இருக்கிறதே நல்லாத்தானேடா ஓடுது” என்றார் அப்பா.

“பாதியில படுத்துக்கிறதுக்குப் பேரு ஓடுறதா? இதுல படம் கண்ணாடி மாதிரி இருக்கும். முடி முடியா எண்ணலாம் அண்ணி.”

“எனக்கெதுக்குத் தம்பி அடுத்தவங்க முடி?” என்றார் அம்மா.

சித்தப்பா அசரவில்லை. சட்டைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார். நீல நிற உறை, புத்தம் புதிது. அட்டையில் எங்கள் கேப்டன்.

“எங்கெங்கேயோ தேடிப் பிடிச்சேன். உங்க கேப்டன் படம். இதுல எங்கயும் நிக்காது. தண்ணி மாதிரி ஓடும்.”

நான் சுண்டுவைப் பார்த்தேன். அவன் தலையணையிலிருந்து ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான் என் காதோரம். “குகைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல?”

“ம்.”

“அப்ப என்னோடது வேண்டாம்ல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பாவைப் பார்த்தால் அவரோ தலைகால் புரியாத சந்தோஷத்தில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் சித்தப்பாவின் முகம் வாடிவிடும். சும்மா இருந்தால் சுண்டு இனி குளியலறையில்கூடப் பேசமாட்டான். என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

“சித்தப்பா, இந்தப் பிளேயர்ல பழைய டிவிடி ஓடுமா?”

“தாராளமா ஓடும்.”

“அப்ப முதல்ல பழசைப் போடுவோம். அப்புறம் புதுசு. ரெண்டையும் பார்த்தாதானே எவ்வளவு வித்தியாசம்னு தெரியும்?”

“பார்த்தீங்களா அண்ணே, இவளைக் கடையில உட்கார வச்சா எனக்கு வேலை போயிடும்” என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா பழைய டிவிடியைப் போட்டார்.

நான் சுண்டுவைக் கிள்ளினேன். “ரிப்பனைக் கட்டுடா. எப்படியும் குகை வாசல்ல நின்னுடும். உன் முறைதான்.”

சுண்டு அவசரமாக ரிப்பனைக் கட்டினான். கேப்டன் தீவில் இறங்கினார். மழை பெய்தது. சுண்டு குடையோடு எழுந்து நின்றான். கேப்டன் குகைக்குள் ஒரு காலை வைத்தார்.

இன்னொரு காலையும் வைத்தார்.

படம் நிற்கவே இல்லை. கட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. கேப்டன் பாட்டுக்கு இருட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

“அட,” என்றார் அப்பா. “அப்ப நான் தேய்ச்சதுல தப்பில்லை.”

“பிளேயர் அப்படி அண்ணே. இது தேஞ்ச இடத்தையும் படிச்சிடும்” என்றார் சித்தப்பா.

சுண்டுவின் குடை மெதுவாகக் கீழே இறங்கியது. என் திட்டம் பாழ். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிமோட் சித்தப்பாவின் மடியில் கிடந்தது. பாய்ந்து எடுத்து, படத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். கேப்டன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் சித்தப்பா.

இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. “நான்தான் நிறுத்தினேன் சித்தப்பா. எங்க வீட்டுல இந்த இடத்துல படம் நிக்கணும். நின்னாதான் உள்ள என்ன நடந்துச்சுன்னு யாராவது நடிப்போம். இன்னிக்குச் சுண்டுவோட முதல் முறை. ஒரு வாரமா குளியலறையில ஆட்டோட பேசிட்டிருக்கான். உங்க பிளேயர் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் முதல்ல.”

சித்தப்பா திருதிருவென்று முழித்தார். என்னைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய தலையணையைப் பார்த்தார்.

அவர் சோபாவிலிருந்து எழுந்தார். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க உட்கார்ந்தா மறைக்காதே?” என்றார்.

சுண்டு நின்றான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுண்டு தலையணையை முகத்துக்கு நேரே தூக்கினான். அதன் பின்னாலிருந்து கீச்சுக்குரல் கேட்டது.

“யாரு அது? ஈரக் காலோட உள்ள வர்றது?”

“நான் கேப்டன்” என்றது தடித்த குரல்.

“கேப்டனா இருந்தா என்ன? இப்பத்தான் தரையைத் துடைச்சேன். பூட்ஸைக் கழட்டி வாசல்ல வை.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறு பக்கம் பார்த்தார்.

கேப்டன் ஒரு பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். இன்னொன்று காலோடு ஒட்டிக்கொண்டது. ஆடு பல்லால் கடித்து இழுத்தது, வரவில்லை. அதற்குள் மழைத் தண்ணீர் வந்து வாசலில் இருந்த பூட்ஸை அடித்துக்கொண்டு போய்விட்டது.

“நீ ஏன் தனியா இருக்கே?” என்று கேட்டார் கேப்டன்.

“ஆளுங்க முன்னாடி பேச எனக்குப் பயம்” என்றது ஆடு.

“எங்கிட்டப் பேசினியே.”

“நீ ஒரே ஆளுதானே.”

“என் கப்பல்லயும் நான் ஒரே ஆளுதான். வர்றியா?”

சுண்டு தலையணையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலால் நொண்டி நொண்டி வந்து சோபாவில் விழுந்தான். நாங்கள் கைதட்டினோம். என் நண்டுக்கு இத்தனை கைதட்டல் வந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். சித்தப்பா விசிலே அடித்துவிட்டார்.

“மீதியைப் பார்க்கலாமா, வேண்டாமா? நீயே சொல்லு” என்று அப்பா சுண்டுவிடம் கேட்டார்.

“போடுங்க. பார்ப்போம்” என்றான் அவன், பெரிய மனுஷன் மாதிரி.

போட்டோம். குகைக்குள் ஓர் ஆடு நின்றது. கேப்டன் கால் சேற்றில் மாட்டியது. இழுத்தார். பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவ்வளவுதான்.

“இதுக்கா இத்தனை வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டோம்?” என்றார் அம்மா.

“இந்த ஆடு பேசவே இல்ல” என்றான் சுண்டு, பாவப்பட்டு.

சித்தப்பாவின் முகம் சின்னதாகிவிட்டது. “இன்னும் புதுசைப் போடவே இல்லையே சித்தப்பா” என்று ஞாபகப்படுத்தினேன். அவர் அதைப் போட்டு, நேராகக் குகைக்கே கொண்டுவந்தார். படம் நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. பழசில் வெறும் இருட்டாகத் தெரிந்த மூலையில் ஒரு பாறை தெரிந்தது. பாறைக்குப் பின்னால் என்னவோ அசைந்தது.

“அங்க பாருங்க, ஒரு கை” என்றேன்.

யாரோ ஒளிந்துகொண்டு ஆட்டைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையில் கடிகாரம்கூட இருந்தது. அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மணி நாலேகால்” என்றார்.

சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. கையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

“இப்ப சொல்லுங்க அண்ணே, புதுசு வாங்கினது தண்டமா?”

“தண்டம்னு யார்டா சொன்னா?” என்றார் அப்பா, ஒன்றும் தெரியாதவர்போல.

சித்தப்பா கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார். “அடுத்த மாசம் யாரு முறை?”

அடுத்த மாதமும் லீவு போட்டுவிட்டு வந்தார். புது டிஸ்க்தான் ஓடியது. ரிமோட் சுண்டுவின் கையில். கேப்டன் குகைக்குள் ஒரு காலை வைத்ததும் அவன் பட்டனை அழுத்தினான். சித்தப்பா எழுந்து டிவி முன்னால் நின்றார். நாளெல்லாம் கடையில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், எங்கள் நாலு பேரைப் பார்த்து எச்சில் விழுங்கினார்.

“அது வந்து... குகைக்குள்ள... அது என்னன்னா...”

சுண்டு நழுவி இறங்கிப் போய், தலையணையை அவர் கையில் கொடுத்தான்.

“பயப்படாதீங்க சித்தப்பா. மூஞ்சிக்கு நேரா இதைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க, வரும்.”