பழுப்பைக் கொன்றது யார்?

டெலிபோன் அலறியது!

முறையான க்ரைம் கதை என்றால் முதல் வரியிலேயே ஒரு பிணம் விழ வேண்டும். தரையெல்லாம் ரத்தம் பரவ வேண்டும். மன்னிக்கவும், வாசகரே! என் கைவசம் இருப்பது கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய, தபால்தலை அளவுச் சதை மட்டும்தான்.

ஆனால் கொலை உண்டு. கொலைகாரன் உண்டு. ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடுவதும் உண்டு. எனவே காசைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

திசுப் பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டர் ரிசீவரை எடுத்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கமிஷனர். ஒரு சொட்டுச் சாயம் சிந்தினால்கூட விசாரணைக் கமிஷன் வைப்பவர் என்பதால்!

"யாரு?"

"சர்ஜன் பேசறேன். உங்க அண்ணியோட ரிப்போர்ட் வந்துச்சு. ஹார்மோன் ரிசெப்டர் நெகட்டிவ்னு போட்டிருக்கீங்க..."

"ஆமா. நானே பார்த்து, நானே கையெழுத்துப் போட்டேன். என்ன இப்போ?"

"இடிக்குதே! சாதுவான கட்டி, மெதுவா வளர்ற ரகம்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ரகத்துல நெகட்டிவ் வர்றது ரொம்ப அபூர்வம்."

"அபூர்வம்னா வரவே வராதுன்னு அர்த்தமா?"

"கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல அவங்களுக்கு மருந்து ஏத்த ஆரம்பிக்கறோம். முடி கொட்டும், வாந்தி வரும்... அதக்கூட தாங்கிக்கலாம். ஆனா நிஜத்துல அது பாசிட்டிவ்வா இருந்தா? அவங்களக் காப்பாத்தற மாத்திரைய நாம குடுக்கவே மாட்டோமே! நாளைக்கு அந்தக் கட்டி திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது?"

சில மார்பகப் புற்றுநோய்கள் உடம்பிலுள்ள ஹார்மோனைத் தின்று கொழுப்பவை. அப்படிப்பட்ட செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டர் இருக்கும். சாயம் ஏற்றினால் பழுப்பாகும். பழுப்பு வந்தால் மாத்திரை பலிக்கும். வெறும் நீலமாகவே நின்றால் பலிக்காது. அவ்வளவுதான் விஷயம். ஒரு நிறத்தில் ஓர் ஆயுள்!

அண்ணியின் ஸ்லைடு நீலமாக இருந்தது.

'பழுப்பை யாரோ கொன்றுவிட்டார்கள்!'

கமிஷனர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"சொட்டூ...!"

சாயம் போடும் டெக்னீஷியன் ஓடி வந்தான். சொட்டு சொட்டாக மருந்து விடுவதே தொழில் என்பதால் அவன் சொட்டு.

"எங்க அண்ணி ஸ்லைடுக்குச் சாயம் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"காலாவதியான பாட்டிலா?"

"புது பாட்டில் சார்! நீங்கதானே பிரிச்சுக் குடுத்தீங்க?"

"மெஷின் சூடு?"

"சரியா இருந்துச்சு சார்."

"பொய்! உண்மையச் சொல்லு! போன்ல யார்கிட்டயாவது வழிஞ்சுக்கிட்டே சாயத்த மறந்துட்டியா?"

"சார்... எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்."

"அது பதிலா?"

"அப்புறம் யார்கிட்ட சார் வழியறது?" என்றவன், கமிஷனரின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "கன்ட்ரோலப் பாருங்க சார். அது பொய் சொல்லாது."

நியாயமான பேச்சு. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், நிச்சயம் பழுப்பாகும் என்று முன்பே தெரிந்த வேறொரு திசுவை ஒட்டிவைப்பார்கள். அதுதான் கன்ட்ரோல். அது பழுப்பானால் சாயம் சரி, மெஷின் சரி, சொட்டுவும் சரி.

கமிஷனர் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார்.

கன்ட்ரோல் பளிச்சென்று பழுப்பு!

சொட்டுவுக்கு அலிபி கிடைத்துவிட்டது. கமிஷனருக்கு அது பிடிக்கவில்லை. பிடித்த திருடனை விட மனசு வரவில்லை, பாவம்.

"அப்ப நான் போகலாமா சார்?"

"நில்லு!"

ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். அண்ணியின் கட்டி... நீலம். கட்டிக்குப் பக்கத்திலேயே நோயில்லாத சாதாரணப் பால்குழாய்கள் சில. அவர் விரல் அப்படியே நின்றது.

அவையும் நீலம்!

"சொட்டு... இங்க வா. நோயில்லாத குழாய்ல கொஞ்சமாவது பழுப்பு இருக்கணுமா, வேண்டாமா?"

"கண்டிப்பா இருக்கணும் சார். நெகட்டிவ் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதப் பாக்கணும்னு நீங்கதானே எங்க எல்லாருக்கும் வகுப்பு எடுத்தீங்க?"

"...எடுத்தேன்."

"பார்த்தீங்களா சார்?"

கமிஷனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் திருடன் என்ன பதில் சொல்வான்? அண்ணியின் ஸ்லைடாயிற்றே என்ற பதற்றத்தில் கட்டியைப் பார்த்தார், கன்ட்ரோலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். குழாய்களைப் பார்க்கவே இல்லை!

ஆனால் இப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. சாயம் சரி. திசுதான் செத்திருக்கிறது! பரிசோதனைக்கூடத்தில் அதற்கு ஃபார்மலின் என்ற பாதுகாப்புத் திரவம் கிடைப்பதற்கு முன்பே கொலை நடந்து முடிந்திருக்கிறது. வெட்டியெடுத்த சதையை உடனே ஃபார்மலினில் முக்காமல் போட்டுவைத்தால் ரிசெப்டர் அழிந்துபோகும். அப்புறம் எவ்வளவு சாயம் ஊற்றினாலும் ஏறாது.

'ஆபரேஷன் தியேட்டர்! அங்கேதான் இருக்கிறான் அந்தப் படுபாவி!'

அடுத்த நிமிடம் தியேட்டர் சிஸ்டரின் போன் அடித்தது.

"சிஸ்டர்! எங்க அண்ணி ஆபரேஷன் அன்னிக்கு, எடுத்த சதைய ஃபார்மலின்ல போட்டீங்களா, இல்லையா?"

"இல்ல சார்."

"என்னது, இல்லயா? இவ்வளவு தைரியமா சொல்றீங்க! ஒரு மனுஷி உயிரோட விளையாடறீங்களா? நான் யார்னு தெரியுமா?"

"நல்லா தெரியும் சார். நான் டப்பாவும் ஃபார்மலினும் எடுத்து ரெடியா வச்சிருந்தேன். அதுக்குள்ள ஒரு ஆள் வந்து கிண்ணத்தோட பிடுங்கிட்டுப் போயிட்டாரு."

"யாரு அந்த ஆள்? அடையாளம் சொல்லுங்க! அவன் வேலைய இன்னிக்கே காலி பண்றேன்!"

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க!"

"வழுக்கைத் தலை... மூக்குக் கண்ணாடி... 'எங்க அண்ணி, யாரும் தொடாதீங்க, நானே ஸ்பெஷலா கவனிச்சுக்கறேன்'னு சொன்னாரு..."

கமிஷனரின் கை தன்னிச்சையாகத் தன் வழுக்கையைத் தடவியது.

"நீங்கதான் சார் அது!"

ரிசீவர் நழுவியது.

ஆம், அவரேதான்! ஈரத்துணி சுற்றிய கிண்ணத்தோடு காரில் ஏறினார். கூட வந்த அண்ணன் வழியில் குமுறிக் குமுறி அழுதார். அவரை வீட்டில் விட்டு, ஆறுதல் சொல்லி, தானும் சேர்ந்து அழுது, டீ குடித்து, சாயங்காலம்தான் கூடத்துக்கு வந்தார். அதுவரை கிண்ணம் இருந்தது பூட்டிய காரில், பின்சீட்டில், கொளுத்தும் வெயிலில்! தன்னைவிடப் பத்திரமான கை ஊரிலேயே கிடையாது என்ற நினைப்பில், அது அவர் சந்தேகத்துக்கே வரவில்லை.

வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

நாற்காலியில் சரிந்தார். அண்ணியை நினைத்ததும் அழுகை முட்டியது. அந்த உயிர் தன் பாசத்தாலேயே போகப் பார்த்ததே!

"சார்..." சொட்டு மெல்லக் கூப்பிட்டான்.

"என்னை மன்னிச்சிடுப்பா."

"அது இருக்கட்டும் சார். இப்ப என்ன பண்றது?"

கமிஷனர் சட்டென்று நிமிர்ந்தார். மூளை, தாமதமாகத்தான் என்றாலும், வேலைக்கு வந்துவிட்டது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசியால ஒரு துணுக்கு எடுத்தோமே! புற்றுநோயா, இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு வச்சிட்டோம். ரிசெப்டர் பார்க்கவே இல்ல. அது எங்க?"

"பத்திரமா இருக்கு சார். எடுத்த நிமிஷமே ஃபார்மலின்ல போட்டது. அதுல..." சொட்டு ஓர் அடி பின்வாங்கிக்கொண்டான். "அதுல உங்க கை படல சார்."

"போடு சாயம்!"

மெஷின் ஓடியது. கமிஷனர் அதன் முன்னால் நடந்தார், நின்றார், மூடியைத் திறக்கப் போனார். சொட்டு மரியாதையாக அவரை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

மதியச் சாப்பாடு ஆறி அவலாகிய பிறகு ஸ்லைடு வந்தது.

கன்ட்ரோல்... பழுப்பு.

நோயில்லாத குழாய்... பழுப்பு!

கட்டி...

அள்ளித் தெளித்தது போலப் பழுப்பு! பழுப்பு! பழுப்பு!

"பாசிட்டிவ்!" என்று கத்தினார் கமிஷனர். சொட்டுவைக் கட்டிக்கொண்டார். பிறகு சர்ஜனுக்குப் போன் செய்து பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்தார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். சர்ஜன் நாளைய மருந்தை நிறுத்தினார். "மாத்திரையிலேயே ஆரம்பிப்போம்" என்றார்.

இனி பாக்கி ஒரே ஒருவர். கமிஷனர் அண்ணியின் எண்ணை அழுத்தினார்.

"அண்ணி... நல்ல சேதி ஒண்ணு, கெட்ட சேதி ஒண்ணு."

"நல்லத முதல்ல சொல்லுங்க கொழுந்தனாரே. வயசாச்சு, தாங்காது."

"ரிப்போர்ட் தப்பு. உங்களுக்கு மாத்திரை கேட்கும். நாளைக்கு மருந்து ஏத்த வேண்டாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"கெட்டது?"

"தப்பு பண்ணினது... நான்தான் அண்ணி. சொந்தமாச்சேன்னு எல்லாத்தையும் நானே ஸ்பெஷலா பண்ணப் போயி..."

முழுக்கதையும் கேட்டாள் அண்ணி. பெருமூச்சு விட்டாள்.

"கொழுந்தனாரே, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க."

"சொல்லுங்க அண்ணி! உயிரக் கேட்டாலும் தர்றேன்!"

"அதெல்லாம் வேண்டாம், உங்ககிட்ட குடுத்த உயிரே பட்ட பாடு போதும். இனிமே என்னை சொந்தக்காரியா பாக்காதீங்க. முன்னபின்ன தெரியாதவங்களப் பாக்கற மாதிரி... நல்லா பாருங்க!"