கொதிப்புச் சங்கு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஆழ்குடியில் யாரும் நினைத்த நேரத்தில் கோபப்படுவதில்லை. சங்கு ஊதும்வரை காத்திருப்பார்கள்.

ஆழ்குடி இருக்கும் கோளுக்கு இரண்டு சூரியன்கள். பெரியது மூத்தவன், சிறியது இளையவன். பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை இளையவன் நெருங்கி வரும். மூத்தவன் அதனிடமிருந்து வாயுவைப் பிடுங்கி விழுங்கி, ஆறு மணி நேரம் பத்து மடங்கு கொதிக்கும். நிலத்தடியில் குடியேறிய முதல் தலைமுறை அந்த ஆறு மணி நேரமும் வெந்துபோய், ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டது. ஊர் மன்றம் சட்டம் போட்டது: கொதிப்பில் நடந்த எதற்கும் வழக்கு இல்லை. மற்ற நேரத்தில் கை ஓங்கினால் சுரங்க வாயின் மூடியைத் திறந்து தரைக்கு மேலே அனுப்பிவிடுவார்கள். மேலே காற்று கிடையாது.

பிறகு கதிர்கணிப்பான் வந்தது. தரைக்கு மேலே ஒரு கண்ணை வைத்து மூத்தவனைக் கவனித்து, கொதிப்பு தொடங்கும் நொடியில் சங்கு ஊதும் எந்திரம். அதன்பின் ஊரே நாகரிகமாகிவிட்டது. இடைப்பட்ட நாளெல்லாம் புன்னகை. சங்கு ஊதியதும் அடி. பிற்பாடு இன்னும் ஆழமாகத் தோண்டி, வெப்பமே எட்டாத இடத்துக்குக் குடிபோனார்கள். ஆனாலும் சங்கு ஊதினால் எல்லோருக்கும் வேர்த்தது.

கதிர்கணிப்பானைப் பராமரிப்பவள் பிரம்மசக்தி. ஒரு கொதிப்புக்கு முந்தைய நாள் எதிர்வீட்டு இசக்கிப்பாண்டி ஒரு வாளியோடு வந்தான்.

“மைனி, இரவல் வாங்குனதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். நாளைக்கு அண்ணாச்சியக் கொன்னதுக்கு அப்பறம் கொண்டாந்தா நல்லாருக்காது.”

“உள்ள வச்சிருங்க. ஒங்க அப்பா விசயத்துக்கா?”

“ச்சே, அது கொதிப்புல நடந்தது. அண்ணாச்சி மேல எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. எங்க வீட்டுக் காத்துக்குழாய ஒங்க வீட்டுப் பக்கம் திருப்புனாவ பாருங்க, அது சாதாரண நாளு.”

அவள் கணவன் ஆவுடையப்பன் அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அடி தாங்கத் தலையில் கட்டுவதற்குப் பழைய துணி தேடினான். மறுநாள் சங்குக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பிரம்மசக்தி எந்திர அறைக்குப் போனாள். சங்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டால் இன்னும் பத்தொன்பது நாள் அவன் உயிரோடு இருப்பான் என்பது அவள் திட்டம்.

பெட்டியைத் திறந்தவள் கம்பியைத் தொடவில்லை. உள்ளே சுருட்டிக் கிடந்த ஒளிப்பதிவுத் தாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடமாக ஒரே நேர்கோடு. இளையவனிடம் பிடுங்குவதற்கு வாயு தீர்ந்துபோயிருந்தது. மூத்தவன் கொதிப்பதை நிறுத்தியிருந்தது. எந்திரம் பழக்கதோஷத்தில் நாள் எண்ணி ஊதிக்கொண்டிருந்தது.

தாளோடு தெருவுக்கு ஓடினாள். எல்லோரும் தடியும் கம்புமாக அவரவர் எதிரி வாசலில் ஒழுங்காக நின்றிருந்தார்கள். அவள் வாசலில் இசக்கிப்பாண்டி, கடப்பாரையோடு.

“மூத்தவன் கொதிக்கல. நாப்பத்தோரு வருசமாக் கொதிக்கல. நீங்களே பாருங்க.”

இசக்கிப்பாண்டி நிதானமாகப் படித்தான். “அப்ப இன்னைக்கு அடிச்சா வழக்கா?”

“வழக்குதான்.”

“நல்லவேள சொன்னிய.” கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். வாசற்படியில் நின்ற ஆவுடையப்பன் தலைத்துணியை அவிழ்த்தான். பிரம்மசக்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இசக்கிப்பாண்டி நாலு எட்டு வைத்துவிட்டு நின்றான். “மைனி, எங்கப்பா செத்து ஏழு வருசம்தான ஆவுது?”

அவள் தாளில் ஏழு வருடத்துக்கு முந்தைய இடத்தைத் தேடிப் பார்த்தாள்; அங்கேயும் நேர்கோடுதான்.

“அப்ப அதுவும் வழக்குதான.”

தெருவில் ஒவ்வொருவரும் தத்தம் கையைப் பார்த்துக்கொண்டார்கள். மன்றத் தலைவர் பேச்சிமுத்து தொண்டையைச் செருமினார். ஒரு கொதிப்பில் தம்பியைக் கிணற்றில் தள்ளியவர். எல்லோரையும் மேலே அனுப்பினால் பிறகு மூடியைச் சாத்த ஆள் இருக்காது என்று அவருக்குக் கணக்கு ஓடியது.

“தாயி, அந்தத் தாளக் கிழிச்சிரு.”

“மாட்டேன். கிழிச்சா எங்க வீட்டுக்காரர இவரு கொன்னுருவாரு.”

“கிழிக்கலன்னா நாங்க அவர மேல அனுப்புவோம். எது தேவல, நீயே சொல்லு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் ஆவுடையப்பன் இல்லை.

சங்கு ஊதியது. குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக, விட்டுவிட்டு, கையால் சுழற்றிய சங்கு. ஊதி முடித்து ஆவுடையப்பன் எந்திர அறையிலிருந்து கைகளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“சங்கு ஊதியாச்சு. எல்லாம் பழையபடி கொதிப்புதான். எம்மேல ஒரு வழக்கும் கிடையாது.”

தெரு முழுக்க நெற்றிகள் வேர்த்தன. இசக்கிப்பாண்டி கடப்பாரையை எடுத்தான். தாளைக் கையிலேயே வைத்திருந்த பிரம்மசக்திக்கும் முதுகில் வேர்வை கோடாக இறங்கியது.

“தம்பி, அதக் கொஞ்சம் இப்படிக் குடுங்க.”

“நீங்களா மைனி?”

“ஒங்களுக்கு ஒரு காத்துக்குழாய்தான. எனக்கு இவுகளோட பதினாலு வருசம்.”

அவன் கடப்பாரையை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டிவிட்டு ஒதுங்கி வழி விட்டான்.

இதுவும் சத்தியம்: அந்த இரட்டைச் சூரியனுக்கு மனிதர்களோடு கிளம்பிய முதல் கப்பல் இன்னும் பாதி வழி தாண்டவில்லை.