ஐந்தாவது எருமையும் செத்தது

காலை ஐந்தரை.

கொட்டகைத் தகரக் கதவைத் திறந்த ரமாபாய் அப்படியே நின்றாள்.

ஐந்தாவதும் போயிருந்தது.

கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தது எருமை. பின்னங்கால் குளம்பு ஒன்று கழன்று, இரண்டடி தள்ளி, யாரோ விட்டுப்போன செருப்பு மாதிரி தனியாக...

சடையங்குப்பத்தில் ரமாபாய் வைத்திருந்தது மொத்தம் ஆறு எருமை. இரண்டே மாதத்தில் ஐந்து பலி. எல்லாவற்றுக்கும் ஒரே கதை. வால் முடி கொட்டும். குளம்பு வெடிக்கும். நொண்டும். விழும்.

பின்னால் வந்து நின்றான் அவள் புருஷன் பாரி. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்குச் சரிபார்க்கிற வேலை.

"இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்? எல்லாம் உங்கண்ணன் குடுக்கற புல்லு. கரண்டு ஃபேக்டரி சாம்பத் தண்ணி ஏறுன நெலத்துல வளர்ந்த புல்லு. அதுல செலினியம்னு ஒரு விஷம் ஏறியிருக்கலாம்னு மாட்டு டாக்டரம்மாவே சொல்லிச்சில்ல?"

"எங்கண்ணன் தெரிஞ்சு செய்யாது."

"தெரிஞ்சேதான் செஞ்சான். அந்தப் புல்ல வெட்டாதன்னு டாக்டரம்மா போன மாசமே சொல்லியிருக்குது. எங்கைல சொல்லிச் சிரிக்கிறான், ரமா..."

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

ஏழு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டானிஸ்லாஸ் புகாரை இரண்டு முறை படித்தார்.

"சொந்த அண்ணன் மேலயாம்மா?"

"ஆமா சார்."

ஒன்பது மணிக்கு அண்ணன் நீலமேகத்தை அழைத்து வந்தார்கள். முழங்கால் வரை சேறு. புல் வெட்டிக்கொண்டிருந்தவரை அப்படியே ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள்.

"ரமா... நீயா எழுதிக் குடுத்த?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"எம் மாடு ரெண்டும் அதே புல்லத்தான் துன்னுது. ஒரு நட வந்து பாத்திருக்கலாமே நீ."

வெளியே நடந்தாள்.

மூன்று நாள் போனது.

நான்காம் நாள் காலை, போன் அடித்தது. கால்நடை டாக்டர் எழில்மொழி.

"அக்கா, லேபுக்கு அனுப்புன புல்லு, வால் முடி ரிப்போர்ட் வந்துருச்சு. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"வூட்டுக்காரரு குளிச்சிக்கினு கீறாரு."

"அவர்கிட்ட சொல்லாம மெயின் ரோட்டுக்கு வாங்க."

ரோட்டோரம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள் எழில்மொழி. கையில் ஒரு காகிதம்.

"உங்கண்ணன் புல்லுல செலினியம் ரொம்பக் கம்மி. மாட்டுக்குத் தேவையான அளவுதான். அந்தப் புல்லு எதையும் கொல்லாது."

"அப்போ எருமைங்க...?"

"செலினியத்துலதான் செத்துச்சு. அளவா இருந்தா சத்து, கொஞ்சம் கூடினா விஷம். செத்த எருமையோட வால் முடியத் துண்டு துண்டா வெட்டி டெஸ்ட் பண்ணச் சொன்னேன். முடி வளரும்போது உள்ள போனதெல்லாம் அதுல தங்கிடும். நுனி சுத்தமா இருக்கு. வேர்கிட்ட ரெண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் விஷம்."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"ரெண்டு மாசமாத்தான் யாரோ குடுத்திருக்காங்க. புல்லு வருஷக் கணக்கா அதே புல்லு. ரெண்டு மாசத்துல கொட்டகைல என்னக்கா மாறுச்சு?"



மாறியது ஒன்றே ஒன்றுதான்.

பதினாலு வருஷமாகக் கொட்டகைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போன பாரி, திடீரென்று ஒருநாள், 'நீ குந்து. இனிமே சாயங்காலத் தவிடு நான் கலக்கறேன்' என்றான். அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அவள்!

டிரெய்லர்கள் புழுதி கிளப்பிப் போயின.

"அந்தாளு ஒத்துக்கமாட்டான் டாக்டரம்மா."

எழில்மொழி அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

சாயங்காலம் ஐந்து மணி.

கொட்டகை வாசலில் உட்கார்ந்து பாரி டீ குடித்துக்கொண்டிருந்தான். பாதி டம்ளர் காலி. ரமாபாய் கிட்டே வந்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாயா... உன் வாய்ல பூண்டு நாத்தம் அடிக்குது?"

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"நான் பூண்டே துன்னலியே."

"அதான் கேக்கறேன். நானும் இன்னிக்கு சமையல்ல பூண்டு சேக்கல."

பாரி உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தான். இன்னொரு முறை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"டீல இன்னா போட்ட?"

"டீத்தூளு."

"வேற... வேற இன்னா போட்ட? அந்த பவுடர எப்பிடி கண்டுபுடிச்ச நீ?"

"எந்த பவுடரு?"

அவன் கேட்கவில்லை. தவிட்டு மூட்டைகளைத் தள்ளினான். அடியில் இருந்த செங்கல்லைப் பெயர்த்தான். பாலிதீன் பொட்டலத்தை வெளியே இழுத்து, கையில் எடை பார்த்தான்.

"எத்தினி ஸ்பூன் எடுத்த? சொல்லுடி... கொஞ்சூண்டு போனாலே ஆள அடிச்சிடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ..."

"அதை இப்படிக் குடு," என்றது இன்னொரு குரல்.

தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஸ்டானிஸ்லாஸ். கூடவே எழில்மொழி.

"செலினியம் உடம்புல ஏறினா மூச்சுல பூண்டு வாசனை வரும்," என்றாள் அவள். "அது மாட்டு டாக்டருக்குத் தெரியும். உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

பாரி பொத்தென்று உட்கார்ந்தான்.

"யார்டுல ஒரு டிரம்மு ஒடஞ்சிச்சு. தீவனத்துல துளியூண்டு கலக்கற மருந்து. போன்ல படிச்சுப் பாத்தேன்..."

"ஏன்யா?" என்றாள் ரமாபாய். "வாயில்லாத ஜீவன் இன்னா பண்ணிச்சு உன்ன?"

"பதினாலு வருசமா எனக்குப் பேரே இல்ல. எருமக்காரி புருசன். யார்டுல கூட அப்பிடித்தான் கூப்புடறானுங்க. இதுங்க போச்சுன்னா நீ இந்தக் கலீஜ வுட்டு எங்கூட வந்துடுவேன்னு..."

"எங்கண்ணன ஏன் இழுத்த?"

"பழி போட ஒரு ஆளு வோணுமில்ல."

அவள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. வாசல் பக்கம் திரும்பினாள். ஜீப்பிலிருந்து இறங்கி நின்றிருந்தார் நீலமேகம்.

"அண்ணே..."

"அப்பால பேசிக்கலாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மிச்சம் இருக்கறதுக்குத் தண்ணி காட்டுனியா?"

தானே வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பாரியை ஜீப்பில் ஏற்றினார்கள். கம்பி வழியே அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"ரமா... நெசமா சொல்லு. டீல நீ எதுவும் கலக்கலியா?"

"கலப்படம் கீதுய்யா... பாலு பாக்கெட் பாலு. வூட்டுப் பாலுக்குக் கறக்கற எருமைய எங்க போய்த் தேடுவேன்?"