இடம் சொல்லாதவன்

எலீசியோ படகோடு ஏரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தும் வெயில் தணியவில்லை. சுற்றியிருந்த மலைகளில் ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற உயரம்வரை வெள்ளைக் கறை ஏறியிருந்தது. அதற்கும் வெகு கீழே, பள்ளத்தில் கிடந்தது எலிஃபண்ட் பியூட் ஏரி. படகு இறக்கும் சரிவைத் தண்ணீரின் பின்னாலேயே வருஷா வருஷம் நீட்டிக்கொண்டு போனார்கள். கீழே ஹாட்ச் ஊர்ப் பக்கத்து மிளகாய்க் காடுகளுக்கு மதகு திறந்திருந்ததால் அந்த வாரம் ஏரி இன்னும் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

சரிவுக்கு மேலே ஃபெர்மினின் பிக்கப் தனியாக நின்றது. பின்னால் காலி ட்ரெய்லர். கண்ணாடி முழுக்கப் புழுதி.

வண்டியில் சாய்ந்தபடி ரமோனா நின்றிருந்தாள். எலீசியோவுக்கு ஒரே தங்கை, ஃபெர்மினுக்கு மனைவி. அவள் பக்கத்தில் ஏரிக் காவல் அதிகாரி டார்லீன்.

“அண்ணே, முந்தாநேத்துக் காலைல போனவரு இன்னும் வரலை. போன் எடுக்கலை” என்றாள் ரமோனா. அழுது முடித்த குரல்.

“குடிச்சிட்டுப் படகுலயே தூங்கிருப்பான். போன மாசமும் அப்படித்தானே பண்ணினான்?”

“ஒரு ராத்திரி தூங்குவாரு. ரெண்டு ராத்திரியா தூங்குவாரு?”

டார்லீன் வரைபடத்தை வண்டியின் மூக்கில் விரித்தாள். “எலீசியோ, நீங்க ரெண்டு பேரும் ஜோடியாத்தானே பிடிப்பீங்க? அவர் எந்தப் பக்கம் போயிருப்பார்? இருக்கிறது ரெண்டு படகு. இருட்டறதுக்குள்ள ஒரு பக்கம்தான் பார்க்க முடியும்.”

எலீசியோ வாயைத் திறந்தான். அப்போதுதான் நாலடி தள்ளி வெர்ன் நிற்பதைப் பார்த்தான். வெர்ன் தன் ட்ரெய்லர் டயரைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான். அந்த டயரில் ஆராய ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை பாஸ் மீன் போட்டி. இரண்டு வருஷமாக எலீசியோவும் ஃபெர்மினும் இரண்டாவதாக வந்தார்கள், இரண்டு வருஷமும் முதலில் வந்தவன் வெர்ன். இந்த வசந்தத்தில்தான் அவர்களுக்கு வடக்கே ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓடை அகப்பட்டது. ஏரி வற்றியிருந்த காலத்தில் அங்கே சீமைக்கருவேலம் முளைத்துக் காடாகி, பிறகு தண்ணீர் ஏறி மூழ்கிப்போயிருந்தது. மூழ்கிய முள்ளுக்குள் பாஸ் மொய்த்துக் கிடந்தது. அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை என்று மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த ஏரியில் இடம் கேட்டால் பொய் சொல்வது தப்பே இல்லை. வடக்கே பிடித்தவன் தெற்கே என்பான், கேட்டவனும் அதை நம்பாமல் சிரித்துவிட்டுப் போவான். அதை ஒரு மரியாதையாகக்கூட எடுத்துக்கொள்வார்கள். பழகிய நாக்குக்கு யோசனை எல்லாம் தேவைப்படுவதில்லை.

“தெக்கால” என்றான் எலீசியோ. “அணைக்குப் பக்கத்துல, பாறை இடுக்குல.”

“நிச்சயமா?”

“பின்னே, எனக்குத் தெரியாதா?”

ரமோனா அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவனைப் பார்த்தவள். “நெஜமாத்தானா அண்ணே?”

அந்த இடத்தில் அவன் திருத்திக்கொண்டிருக்கலாம். அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதில் சொல்லியிருக்கலாம். வெர்ன் இன்னும் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன் மேல சத்தியம்” என்றான்.

அவள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை.

தேடும் படகுகள் இரண்டும் மோட்டாரை உறுமவிட்டுத் தெற்கே போயின. ஃபெர்மினை நாமே போய் உதைத்து எழுப்பிக் கூட்டிவந்துவிட்டால் கதை முடிந்தது என்று எலீசியோ மனதுக்குள் கணக்குப் போட்டான். தன் படகை இறக்கினான். எல்லோர் கண்ணிலும் படும்படி கொஞ்ச தூரம் தெற்கே ஓட்டினான். முனை மறைத்ததும் வடக்கே திருப்பினான்.

வடக்கே போகப் போக ஏரி குறுகியது. காற்று அடியோடு நின்றுபோனது. தண்ணீர் பழுப்பாகி, பிறகு குழம்பாகியது. நாற்றம் அதற்கு முன்பே வந்துவிட்டது. செத்த கெண்டை நாற்றம், அதற்கடியில் வேறொரு நாற்றம், பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்த மாதிரி.

ஓடையின் வாயில் தண்ணீர் இல்லை.

போன வாரம் படகு மிதந்து நுழைந்த இடத்தில் சேறு மினுங்கியது. மேலே ஆடை கட்டி உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே கூழ் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு எத்தனையோ வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது, அடி கண்டவர்கள் யாருமில்லை. பட்டுப்போன கருவேல மரங்கள் கறுப்பு முள்ளோடு அதிலிருந்து எழுந்து நின்றன. அங்கங்கே ஒரு குமிழி கிளம்பி, ‘ப்ளக்’ என்று உடைந்தது.

உள்ளே தள்ளி ஃபெர்மினின் படகு ஒருக்களித்துக் கிடந்தது.

காலி.

படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில், எலீசியோவுக்குக் கயிறு எறியும் தொலைவில், மார்பளவு சேற்றில் ஃபெர்மின் நின்றிருந்தான். தலையில் தொப்பி. முகம் தண்ணீர்ப் பக்கமாக. அவனுக்குப் பின்னால் சூரியன் விழுந்துகொண்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

“வந்துட்டியா மச்சான்?”

எலீசியோவுக்கு உயிர் வந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. “அறிவுகெட்டவனே! சேத்துல எறங்குவியாடா? அங்க உன் பொண்டாட்டி அழுது சாகுறா!”

“தூங்கிட்டேன் மச்சான். முழிச்சுப் பார்த்தா படகு தரையில கெடக்குது. நடந்துடலாம்னு நெனச்சேன்.”

குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. காற்றில்லாத ஏரியில் குரல் அப்படித்தான் ஓடிவரும் என்று எலீசியோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“சரி, ஆடாம இரு. ஆடினா இன்னும் உள்ள போவே.”

“ஆடவே இல்ல. மச்சான், ஒண்ணு கேக்கணும்.”

“என்னடா?”

“எடத்தை யாருகிட்டயும் சொல்லிடலையே?”

“இல்ல.”

“வெர்ன்கிட்ட?”

“அவன்கிட்ட போய்ச் சொல்வேனா?”

“ரமோனாகிட்ட?”

“அவகிட்டயும் சொல்லலை.”

ஃபெர்மின் சிரித்தான். நல்ல, வாய்விட்ட சிரிப்பு. “அதானே! எங்க மச்சான் யாரு!”

தலை மட்டும் அசையவில்லை.

எலீசியோ நங்கூரக் கயிற்றைச் சுருட்டி எறிந்தான். அது ஃபெர்மினின் மார்புக்கு முன்னால் சேற்றில் விழுந்தது. ஃபெர்மினின் கைகள் இரண்டும் சேற்றுக்குள் இருந்தன. எடுக்கச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கயிறு விறைத்தது.

“பிடிச்சிட்டேன் மச்சான்.”

கயிறு இழுத்தது. படகின் மூக்கு சேற்றில் ஏறியது.

“டேய், நீ இழுக்காத! நான் இழுக்கறேன்.”

இன்னும் இழுத்தது.

“இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன். பலகை வேணும், இது ஒருத்தன் வேலை இல்ல.”

“ஆள் வந்தா எடம் போயிடும். நீயே வா.”

“ஃபெர்மின்...”

“எறங்கி வா மச்சான். உன்னை விட்டா யாருக்கு இந்த எடம் தெரியும்?”

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. எதிர் வெளிச்சம் அணைந்ததும் முகம் தெளிவாகத் தெரிந்தது.

திறந்த கண்ணின் மேல் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது.

இமை மூடவில்லை.

வாய் திறந்திருந்தது. உள்ளே சேறு. உதடுவரை நிரம்பி, காய்ந்து, வெடித்திருந்தது.

“எறங்கு” என்றது குரல், எலீசியோவின் காதோரத்தில்.

அந்த மூச்சு குளிர்ந்திருந்தது. நிலவறை நாற்றம் அடித்தது.

எலீசியோ என்ன செய்தான் என்பது அவனுக்கே அப்புறம்தான் நினைவு வந்தது. மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்திருந்தான். மோட்டாரைப் பின்னுக்குப் போட்டு, சேற்றை வாரி இறைத்து, உளறிக்கொண்டே சரிவுக்கு வந்து சேர்ந்திருந்தான். வடக்கே, வடக்கே என்று கத்தினான். வெர்ன் கேட்கும்படியே கத்தினான்.

பலகைகளையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எலீசியோதான் வழி காட்டினான். ஃபெர்மினை வெளியே எடுக்க ஆறேழு பேர் தேவைப்பட்டார்கள், சேறு அவ்வளவு லேசில் விடவில்லை. கூட வந்த மருத்துவர் தொட்டுப் பார்த்தார்.

“செத்து ரொம்ப நேரம் ஆகலை” என்றார். “இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கு. வெயில்லயே நின்னிருக்காரு, பாவம்.”

பலகை மேல் நின்றிருந்த ஒருவர் தெற்கே திரும்பிக் காது கொடுத்தார். தூரத்தில் யாரோ மோட்டாரைக் கிளப்பும் சத்தம் பிசிறில்லாமல் வந்தது. “சரிவுல மோட்டார் போட்டா இங்க அப்படியே கேக்குதே” என்றார் அவர், சும்மா ஒரு பேச்சுக்கு.

அப்படியானால் ஃபெர்மினுக்கும் கேட்டிருக்கும். தேடும் படகுகள் கிளம்புவதும், தெற்கே தேய்ந்து மறைவதும் கேட்டிருக்கும்.

டார்லீன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள். ஃபெர்மினின் அக்குளுக்கு அடியில், சட்டை மேல், அறுந்த கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. இறுக்கமான இரட்டை முடிச்சு.

“கயிறு போட்டது யாரு?”

“நான்தான்.”

“கட்டினது?”

எலீசியோ முடிச்சிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவள் தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

கரையில் ரமோனா ஒப்பாரி வைக்கவில்லை. புருஷன் முகத்தில் இருந்த சேற்றைத் தன் கையாலேயே துடைத்தாள். முடித்துவிட்டு எழுந்து அண்ணனிடம் வந்தாள்.

“என் மேல சத்தியம் பண்ணினியே அண்ணே” என்றாள்.

அவ்வளவுதான். அடக்கத்தின்போது அவனைத் தாண்டி நடந்துபோனாள். பைபிள் வாசிப்பு முடிந்து சோற்றுப்பந்தியில் எல்லோர் தட்டிலும் மிளகாய்க் குழம்பு ஊற்றியவள் அவன் தட்டு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். ஊரும் பேசாமல் விட்டது. இடம் கேட்டால் பொய் சொல்லாத மீன்பிடிக்காரன் ஒருத்தனும் அங்கே இல்லை, ஆனால் அவனோடு சேர்ந்து நிற்க ஒருத்தனுக்கும் மனம் வரவில்லை. போட்டி சனிக்கிழமையே நடந்தது. தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றுவிட்டு, பாதிப் படகுகள் வடக்கே பறந்தன. ஓடையைச் சுற்றி இருந்த மீனை எல்லாம் அள்ளினார்கள். வெர்ன் மூன்றாம் முறையாக ஜெயித்தான். எந்த இடத்தைக் காப்பாற்ற எலீசியோ பொய் சொன்னானோ அந்த இடம் இப்போது ஊர்ச் சொத்து.

அவன் படகை விற்றான். டெமிங் ஊரில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்துக்கொண்டான். ஏரி, குளம், ஓடை எதுவும் அக்கம்பக்கத்தில் இல்லாத ஊர். எங்கே போகிறான் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ரமோனாவுக்கு மட்டும் சித்தப்பா மகன் மூலம் விலாசம் சொல்லி அனுப்பினான். என்றைக்காவது மனம் மாறிக் கூப்பிடுவாள் என்று ஒரு நப்பாசை.

கூப்பிட்டாள். ஒரு நடுப்பகலில்.

“அண்ணே.”

“ரமோனா! நல்லாருக்கியாம்மா? சாப்பிட்டியா?”

“அவரு வந்தாரு.”

“யாரு?”

“காலைல ரொட்டி சுட்டுட்டு இருக்கேன். வாசல்ல நிக்கிறாரு. உள்ள வாங்கன்னேன். தரை அழுக்காயிடும்னு வெளியவே நின்னுட்டாரு. உசுரோட இருக்கையில அந்த நெனப்பு ஒரு நாளும் இருந்ததில்ல.” அவள் குரலில் பயம் இல்லை. சிரிப்புக்கூட லேசாக இருந்தது. அதுதான் எலீசியோவை உறைய வைத்தது.

“ரமோனா, நீ தூக்கத்துல...”

“உன்னைத்தான் கேட்டாரு. ‘மச்சான் அவன் வீட்டுல இல்லையே, எங்க இருக்கான்’னாரு.”

வெளியே தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை.

“நீ... என்ன சொன்னே?”

“என்ன சொல்லச் சொல்றே? உள்ளதைத்தான் சொன்னேன். ஊரு, தெரு, பின்பக்க ரூமு, எல்லாம்.”

“ஐயோ ரமோனா, ஏன்மா...”

“எனக்கு எடம் மாத்திச் சொல்ல வராது அண்ணே.”

போனை வைத்துவிட்டாள்.

எலீசியோ அசையாமல் உட்கார்ந்திருந்தான். டெமிங்கில் மழை பெய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வாசற்படியில் யாரோ பூட்ஸைத் தட்டித் தட்டிச் சேற்றை உதிர்க்கும் சத்தம் கேட்டது.