தெரியாது என்று சொன்னவள்

ஐப்பசி மழைக்குச் சித்ரலேகாவின் மேல் அப்படி என்ன கோபமோ... பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையை விரிப்பதற்குள், காற்று அவள் கையிலிருந்த ஃபைலைத் தட்டிவிட்டது. ஒரு மாதமாக உட்கார்ந்து தயாரித்த கேள்வித்தாள்கள் ரோட்டோரச் சேற்றில் பறந்து விழுந்தன.

பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்ற ஒருவன் மழைக்குள் இறங்கினான். சட்டையெல்லாம் காய்ந்துபோன பெயின்ட் துளிகள். தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பொறுக்கியவன் கொடுக்கவில்லை. நின்று படித்தான்.

"வாரத்தில் எத்தனை முறை குளிப்பீர்கள்?" என்று வாய்விட்டு வாசித்துவிட்டுச் சிரித்தான்.

அவளுக்குச் சுரீரென்று ஏறியது. "அடுத்தவங்க பேப்பர வாசிக்கது நல்ல பழக்கமா?"

"இது ஆருக்குக் கேக்கிற கேள்வி?"

அந்தப் பேச்சிலிருந்த வேற்றூர் இழுப்பைக் கோபத்தில் அவள் கவனிக்கவில்லை. "முகாம்ல இருக்க அகதிகளுக்கு. நான் சமூகப்பணி படிக்கேன். அவங்க உடல்நலம், மனநலம் பத்தின ஆய்வு. சொன்னா உங்களுக்கு விளங்காது."

"முகாமுக்குப் பின்னாலதான் ஆறு ஓடுது. சனம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் குளிக்குது. கேள்வியை மாத்துங்கோ."

"அகதிகளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவன் தாள்களை உதறி, அடுக்கி, அவள் கையில் வைத்தான். மழைநீர் வழிந்த இமைகளுக்குள் இரண்டு கண்கள்... கேலி இருந்தது, ஆனால் காயப்படுத்தாத கேலி.

"கொஞ்சம் தெரியும் மிஸ். நாற்பத்தாறாம் நம்பர் குடிசை. பேர் தவபாலன். குளிக்கிறது ரெண்டு தரம். எழுதிக்கொள்ளுங்கோ."

உச்சி முதல் பாதம் வரை நனைந்திருந்தும் முகம் மட்டும் சுட்டது சித்ரலேகாவுக்கு.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தாமிரபரணிக் கரையில் இலங்கையிலிருந்து வந்த நூற்றிருபது குடும்பங்கள் தகரக் கூரைகளுக்குக் கீழே இருந்தன. வாசலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு, வாரம் இரண்டு நாள் அவள் அங்கே போனாள்.

எந்தக் குடிசையில் என்ன கேட்டாலும் பெண்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "நல்லா இருக்கிறம்." அலுத்துப்போய்க் குறிப்புப் பகுதியில், 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினாள்.

தவபாலன் அதையும் பார்த்துவிட்டான். இந்த முறை சிரிக்கவில்லை. வவுனியாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் அவன். இங்கே வந்த பிறகு வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறான். மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும்.

"வருத்தம், நோய் எண்டு சொன்னா வேற முகாமுக்கு மாத்துவினம் எண்டு பயம் மிஸ். பேனையை மூடி வச்சிட்டு வாங்கோ" என்று சொல்லி, புஷ்பமலர் என்ற பெண்ணின் குடிசையில் அவளை உட்கார வைத்துவிட்டு விலகிப் போனான்.

புஷ்பமலர் வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள். "பகல்ல தண்ணி குடிக்கிறேல்லை தங்கச்சி. குடிச்சா போகோணும். கக்கூசுக்குக் கதவில்லை. அடிவயிறு எரிஞ்சுகொண்டே இருக்கு."

அந்த வாரம் முப்பத்தெட்டுப் பெண்கள் அதையே சொன்னார்கள். ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிய வரிகளை அடித்துத் திருத்தும்போது சித்ரலேகாவுக்குத் தன் கையெழுத்தைப் பார்க்கவே கூசியது.

அதன்பின் சனிக்கிழமை மாலைகளில், பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் கேள்விகளை மாற்றி எழுதினார்கள். மேலே மழை தாளம் போடும். பேச்சு கேட்காது. கேட்பதற்காகக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்... குனிந்தவள் நிமிர மறந்து, நிமிர்ந்ததும் தாளைத் தேடுவாள்.

"எல்லாரிட்டையும் நலம் கேக்கிறீங்கள். உங்களிட்ட ஆர் கேக்கிறது?" என்றான் ஒரு நாள்.

"அதுக்கு ஃபாரம் கெடையாது."

"சும்மா வாயால கேட்டா?"

"நல்லா இருக்கேன்."

"ஒத்துழைப்பு இல்லை எண்டு எழுதவோ?"

சிரித்துவிட்டாள். பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட் அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கார்த்திகை பிறந்தது. தூத்துக்குடியில் வங்கி அதிகாரியாக இருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருவதாக எழுதியிருந்தார்கள். அப்பா குமரகுருபரன் வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஏற்பாடு செய்தார். ஐயம்பெருமாள் அண்ணாச்சி என்ற காண்ட்ராக்டர் இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார்.

கல்லூரியிலிருந்து வந்தவள் முன்னறையில் காலை வைத்ததும் ஏணியின் மேலிருந்து குரல் வந்தது. "மிஸ்... இது உங்கட வீடோ?"

தவபாலன். முகம் முழுக்கச் சிரிப்பு. நெற்றியில் வெள்ளைத் துளி.

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஒனக்கு இவனத் தெரியுமாம்மா?"

தெரியும் என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. அப்பாவின் கண்ணாடிக்கு மேலே தெரிந்த பார்வை... அடுக்களை வாசலில் வந்து நின்ற அம்மா...

"தெரியாதுப்பா. முகாம்ல எத்தனையோ பேரு. யாரோ."

ஏணியின் மேல் சிரிப்பு அணைந்தது. ஒரு கணம்தான். "ஆள் மாறிப்போச்சுது ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மா பாலம்மாள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "ஏட்டி, வந்திருக்கது முகாம் ஆளுங்களாம்லா. பூசை அறையில வெள்ளிச் சாமான் கெடக்கு. எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டு."

எடுத்தாள். வெள்ளி விளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏணிக்குக் கீழே நடந்துதான் போனாள். நிமிரவில்லை. பூட்டுக்குள் சாவி திரும்பிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது.

அண்ணாச்சிக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில். மற்ற இருவருக்கும் கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் கப்பில். கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நன்றியம்மா."

மிஸ் போய்விட்டது. அவன் வேலைக்குப் போகிற எல்லா வீட்டுப் பெண்களையும் கூப்பிடுகிற அம்மா.

பத்து நாள் அவள் முகாமுக்குப் போகவில்லை. ஆய்வேட்டில் 'உள்ளூர் மக்களின் அணுகுமுறை' என்ற அத்தியாயம் பாக்கி இருந்தது. தலைப்பை எழுதிவிட்டுப் பேனா நின்றது. யாரைப் பற்றி எழுத? வெள்ளியைப் பூட்டினவளைப் பற்றியா? புதுச் சுவரைப் பார்க்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கையால் அடித்த வெள்ளை.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள் காலை, இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா... பெயின்ட் அடிக்க வந்தவங்களத் தெரியாதுன்னு சொன்னேன்லா. அது பொய். நல்லாத் தெரியும். என் ஆய்வுல பாதி அவங்க சொல்லிக்கொடுத்தது."

"சரி. அதுக்கென்ன இப்போ?"

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள வரவேண்டாம்னு சொல்லுங்க."

அம்மாவின் கையில் சட்னிக் கரண்டி நின்றது. அப்பா இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "ஊருக்குத் திரும்பிப் போவானா, இங்கனயே கெடப்பானா... அவனுக்கே தெரியாது. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா." இந்தத் தடவை அந்தச் சொல் உண்மையாக இருந்தது. "அவங்க மனசுல நான் இருக்கேனான்னும் தெரியாது. ஆனா நான் செஞ்சது எனக்குத் தெரியும். அத வச்சுக்கிட்டு இன்னொருத்தங்க முன்னால பூ வச்சு ஒக்கார முடியல."

"படிக்க வச்சது தப்பாப்போச்சு" என்றாள் அம்மா. அப்பா பாதி சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவினார். முன்னறையில் ஃபோனைச் சுழற்றுகிற சத்தம். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாம்னு..." என்று யாரிடமோ சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

மாலை ஐந்தரை மணிக்கு முகாம் குழாயடியில் புஷ்பமலர் அவளைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

படித்துறையில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். தூறல் போட்டது. பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த வார்த்தைகள் ஒன்றுகூட அவளுக்கு நினைவில் இல்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"என்ன மன்னிப்பு மிஸ்? ஆள் மாறிப்போச்சுதெண்டு நான்தானே சொன்னனான்."

"அதுதான் தாங்கல. நான் ஒரு பொய் சொன்னேன். அதக் காப்பாத்த நீங்க ஒண்ணு சொன்னீங்க."

அவன் பிரஷைப் படியில் வைத்தான். "உங்கட ஃபாரத்தில இல்லாத ஒண்டு சொல்லட்டோ? எங்கட ஊரை ராணுவம் சுத்தி வளைச்சு, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில இருத்தினவங்கள். கேதீஸ்வரனை எனக்கு முன்னால நிப்பாட்டி, 'இவனைத் தெரியுமோ' எண்டு கேட்டவங்கள். ஒரே சைக்கிளில பள்ளிக்கூடம் போன சிநேகிதன். தெரியாதெண்டு சொன்னன்..."

ஆறு போய்க்கொண்டிருந்தது.

"அவன் கோவப்படேல்லை. நான் சொன்னது சரியெண்ட மாதிரித் தலையை ஆட்டினான். கொண்டு போனவங்கள். திரும்பி வரேல்லை. அவன் ஏன் அப்பிடித் தலையை ஆட்டினவன் எண்டு, உங்கட வீட்டு ஏணியில நிண்டபோதுதான் விளங்கிச்சு. பயத்தில பொய் சொன்ன ஆக்கள் மேல கோவம் வராது மிஸ். நீங்கள் தெரியாதெண்டு சொன்னதால ஒருத்தரும் சாகேல்லை. அதைப் போட்டுச் சுமக்காதேங்கோ."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. "யாரும் சாகலங்கதுக்காக அது சரியாயிருமா? எனக்கு என்ன பயம் தெரியுமா... தெரியும்னு சொன்னா, எவ்வளவு தெரியும்னு அப்பா கேட்டிருப்பாங்க. என் முகமே காட்டிக் கொடுத்திருக்கும்."

அவன் நிமிர்ந்தான். தூறல் தங்கிய அந்தக் கண்களில் இப்போது கேலி இல்லை. "மிஸ்..."

"மிஸ் இல்ல. சித்ரா."

"எனக்கு நாடில்லை. ஒழுங்கான வேலையில்லை. ஒரு இரவு வெளியில தங்க அனுமதியில்லை. விருப்பம் மட்டும் இருக்கு... கனநாளா இருக்கு. அதைச் சொல்ல வெக்கமா இருந்தது."

"எனக்கு வெக்கப்பட வேற இருக்கு" என்றாள். "இதுல இல்ல."

மணி அடித்தது. முகாம் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த அலுவலர் குடைக்குக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ஆய்வு இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிட்டு சார். நான் இவங்களப் பாக்க வந்தேன்."

"யாரு, தெரிஞ்சவரா?"

வரிசை முழுவதும் திரும்பியது. கன்னம் சுட்டது. தலையை மட்டும் அவள் குனியவில்லை.

"வேண்டியவங்க" என்றாள்.

அலுவலர் ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தார். பிறகு பதிவேட்டில் விரலை வைத்துப் பேர் படித்தார்.

"தவபாலன்."

"இருக்கிறன்" என்றான் அவன், அவளைப் பார்த்தபடி.