உள்பக்கச் சாவித்துளை

வளையச் சட்டைக்குள் கையை விட்ட நாச்சிமுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளே கதகதப்பாக இருந்தது.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்து மார்கழி. விடிந்து வெகுநேரமாகியும் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை பனிக்குள்ளிருந்து முழுசாக வெளியே வந்திருக்கவில்லை. நாகல் நகரில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூட்டுப் பட்டறையில் பட்டடைக்கல்லைத் தொட்டால் விரல் விறைத்தது, அரத்தைத் தொட்டால் விறைத்தது, கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்து கிடந்தது. உலையை மூட்டி இரண்டு நாளாகிறது. மரச்சட்டத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கிய அந்த இரும்புச் சட்டை மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டிவிட்டுப் போனது போல, உடம்புச் சூட்டோடு இருந்தது. வெளிப்பக்கம் சில்லென்றுதான் இருந்தது. கூடவே ஒரு வாசனை. தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் அவனுக்குப் பழக்கம். இது நெடுந்தூரம் நடந்து வந்த ஆளின் கழுத்து வியர்வை.

கூட்டாளி அப்பாஸ் உள்ளே தைத்திருக்கும் தோல் இறுகும்போது சூடு வரும் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். தோலைப் பற்றி அப்பாஸுக்குத்தானே தெரியும், வரட்டும், கேட்கலாம். மூன்று வருஷ உழைப்பு முடிகிற நாளில் இல்லாததையும் பொல்லாததையும் நினைத்துக் கலங்குவானேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குஜிலியம்பாறையில் நாச்சிமுத்துவின் மாமனார் வறண்ட கிணற்றை ஆழப்படுத்தியபோது, முப்பதடிக்குக் கீழே ஒரு பலகைக்கல்லும் அதற்கடியில் துருப்பிடித்த இரும்புப் பொதி ஒன்றும் கிடைத்தன. பழைய இரும்புக்குப் போட இருந்ததை இவன் தூக்கி வந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். ஊற ஊறப் பிரிந்தது. நாயக்கர் காலத்துக் குதிரைவீரன் போடுகிற வளையச் சட்டையில் பாதி. அதன் மேல், இரண்டு அரைவட்டமாகச் சேருகிற இரும்புக் கழுத்துப் பட்டை. பிடரியில் அவை சேருமிடத்தில் ஒரு பூட்டு. எலும்பு ஒன்றுகூட இல்லை. பூட்டு உடைந்திருக்கவும் இல்லை. முறையாகச் சாவி போட்டுத் திறந்த பூட்டு அது. தாழ் உள்ளே இழுபட்டு அப்படியே துருவேறியிருந்தது. போட்டிருந்தவன் கழற்றி எறிந்துவிட்டுத் தப்பித்து ஓடியிருப்பான் என்று அவனும் அப்பாஸும் பேசிக்கொண்டார்கள்.

அப்பாஸ் அவனோடு மூணாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். பேகம்பூரில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு லீவு, அன்றைக்குக் காலையிலேயே பட்டறைக்கு வந்துவிடுவான். ஊரில் ஆம்பிளைகள் சீட்டாடினார்கள், சேவல் சண்டைக்குப் போனார்கள். இவர்கள் கிணற்றில் கிடைத்ததைப் பார்த்து அதே போலப் புதுக் கவசம் செய்தார்கள். கம்பியைச் சுற்றி, வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் இரு முனையையும் தட்டையாக்கி, துளையிட்டு, கடுகளவு ஆணி வைத்து அறைந்து, ஒன்றை நாலோடு கோத்து, அப்படிப் பதினாலாயிரம் வளையம். ஆணி அடிக்காமல் வெறுமனே நெரித்து மூடினால் பாதி வேலை மிச்சம் என்று நாச்சிமுத்து ஒருதரம் சொல்லிப் பார்த்தான். "அப்ப அது கவசம் இல்லலே, கொசுவலை," என்றான் அப்பாஸ். நாடகக்காரர் ஒருவர் ராஜபார்ட்டுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தபோதும், "ஒங்க ராஜாவுக்கு ஜிகினா போதுங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டான். பழையது எப்படியோ அப்படியே வரவேண்டும் அவனுக்கு, ஒரு இழை பிசகக் கூடாது.

பூட்டில்தான் தகராறு வந்தது. பழைய பூட்டின் சாவித்துளை உள்பக்கம் இருந்தது, கழுத்துச் சதையைப் பார்த்தபடி. பூட்டுக்காரனுக்கு இது ஒப்பாத விஷயம். சாவித்துளை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் சொந்தக்காரன் நிற்பான், பெட்டிக்கு வெளியே, கதவுக்கு வெளியே. தொழில் பழகுகிற முதல் வாரத்திலேயே தெரிகிற சங்கதி.

"அந்தக் காலத்து ஆசாரி திருப்பி வச்சுட்டான் மாப்ள. நான் வெளிப்பக்கமா வைக்கிறேன்."

"ஒன் புத்திய அதுல காட்டாத. எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். நாம என்ன பூட்டவா போறோம். கயித்தக் கட்டிக்கிருவோம்."

நாச்சிமுத்து அப்படியே செய்தான். நாலு லீவர் வைத்த அமுக்குப் பூட்டு, சாவி நாலையும் எழுப்பினால்தான் தாழ் விலகும். அமுக்கினால் தானே விழுந்துகொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும். சாவி ஒன்றே ஒன்று. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, அரம் ஏறாத கெட்டிப்பும் கொடுத்தான். பழையதும் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு அப்பாஸ் வர பதினொரு மணியாகிவிட்டது. நாச்சிமுத்துவின் மனைவி கண்ணம்மாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் வேறு யாருமில்லை.

"வெரசா மாட்டுலே. ஜும்மாவுக்குப் போகணும். நேரமானா சைதூன் இங்கனயே வந்து நின்னுருவா."

"உள்ள சூடா இருக்கு மாப்ள. தொட்டுப் பாரு."

அப்பாஸ் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தான். "நல்லதாப் போச்சு. குளிருக்கு அடக்கமா இருக்கும்."

வெறும் உடம்பில் போட்டுக்கொண்டான். பதினெட்டு சேர் இரும்பு மழை பெய்கிற சத்தத்தோடு அவன் மேல் இறங்கியது. இறங்கியதும் அப்பாஸ் நிமிர்ந்த நிமிர்வில் நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாகத் துண்டு துண்டாகப் பார்த்தது ஆளாக நின்றது. பின்னால் போய், கயிறு கட்டுவதற்காகக் கழுத்துப் பட்டையின் இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தான்.

பத்து வயதிலிருந்து பூட்டு செய்கிறவன். பூட்டை முடித்ததும் கட்டைவிரலால் அமுக்கி, தாழ் விழுகிற சத்தத்தைக் காதால் கேட்டால்தான் அவனுக்குக் கை ஓயும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. யோசித்துச் செய்கிற காரியமில்லை அது.

டக்.

அப்பாஸின் கை கழுத்துக்குப் போயிற்று.

"ஏலே. அமுக்கிட்டியா?"

"சாவி இருக்கு மாப்ள. அசையாம இரு."

சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவிழ்த்து எடுத்தான். பட்டைக்கும் பிடரிக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடம் இருந்தது. சாவியைப் படுக்கை வாட்டில் நுழைக்கலாம், திருப்ப முடியாது. வெறும் சட்டையாய் மாட்டியிருந்தபோது கீழிருந்து உள்ளே கையை விட்டுத் திறந்து பார்த்திருக்கிறான். இப்போது உள்ளே கழுத்து இருக்கிறது. மூன்றாம் தரம் முயன்றபோது சாவியே நுழையவில்லை. பட்டை சுருங்காது, அவன் கையால் கெட்டிப்படுத்திய இரும்பு. கழுத்து வீங்கவுமில்லை. ஆனாலும் இடம் குறைந்திருந்தது.

"நாச்சி, மூச்சு முட்டுது."

ஆக்சா பிளேடை எடுத்து அறுத்தான். பட்டையில் ஒரு கீறல் விழவில்லை, பிளேடின் பல்தான் உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் போயிற்று. தன் தொழில் திறமையை அன்றைக்கு அவன் சபித்த மாதிரி வேறெவனும் சபித்திருக்க மாட்டான்.

"நான் ஓடிப்போயி கேஸ் வெல்டிங் வைக்கிறவனைக் கூட்டியாறேன்."

"போகாத," என்றான் அப்பாஸ். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். முகம் ஈயம் பூசியது போலிருந்தது. "இதோட என்னயத் தனியா விட்டுட்டுப் போகாதலே."

"எதோட?"

"முதுகுல ஆரோ சாஞ்சிருக்காக. உள்ள. தோலுக்கு உள்ள."

பட்டை போனால் போகட்டும், சட்டையையாவது வெட்டிவிட்டால் மூச்சு வரும். தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துக் கீழ் விளிம்பிலிருந்து மேலே வெட்டத் தொடங்கினான். ஒவ்வொரு வளையமும் அவன் அறைந்தது. ஒவ்வொரு ஆணியும் அவன் வைத்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வெட்டின வளையங்கள் தரையில் உருண்டன. இடுப்பு உயரம் வந்ததும் வளையம் விலகி உள்தோல் தெரிந்தது. எருமைத்தோல், விரல் கனம். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாஸ் மூச்சு விடுகிறான், ஏறி இறங்கத்தானே செய்யும். ஆனால் அப்பாஸின் மூச்சு நாய் இரைப்பது போல வேகமாக இருந்தது. தோல் ஏறி இறங்கியது மெதுவாக. தூங்குகிற ஆளின் மூச்சு.

கத்தரியின் முனையைத் தோலில் வைத்தான். உள்ளேயிருந்து தோல் புடைத்தது. ஐந்து விரலும் விரிந்த ஒரு கையாக.

நாச்சிமுத்து அப்பாஸின் கைகளைப் பார்த்தான். வலது கை மேஜை மேல். இடது கை மேஜை மேல்.

கத்தரி விழுந்தது. அதை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் விட்டுவிட்டு ஓடவும் மனசு வரவில்லை, அதை அவனுக்காகச் சொல்லத்தான் வேண்டும். அப்பாஸின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் சாவியைப் பட்டைக்குள் திணித்தான். கழுத்துத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. திணித்தான். மாப்ள, மாப்ள என்று சொல்லிக்கொண்டே திணித்தான். நான்தான் அமுக்கினேன், நான்தான் அமுக்கினேன் என்று அழுதான்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அப்பாஸ் உதட்டை அசைத்தான். சத்தம் வரவில்லை. பாங்கு முடிவதற்குள் உதடும் நின்றுவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. கண் திறந்திருந்தது. நாச்சிமுத்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான், மூச்சில்லை. மார்பில் காது வைத்துக் கேட்கவும் பார்த்தான்.

ஆனால் அப்பாஸ் விழவில்லை. தலை தொங்கியது, கைகள் தொங்கின, கால்கள் தரையில் துவண்டு கிடந்தன. வளையச் சட்டை நேராக நின்றது.

ஏறியது. இறங்கியது.

கதவு தட்டும் சத்தம்.

"நாச்சிமுத்தண்ணே. அவுக உள்ள இருக்காகளா? பாங்கு சொல்லியாச்சு."

சைதூன். அப்பாஸின் மனைவி. நாச்சிமுத்து வாயைத் திறந்தான்.

"ஏங்க," என்றாள் அவள், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "உள்ள இருக்கீகளா?"

"செத்த நேரம் இரு சைதூன். வாரேன்."

அப்பாஸின் குரல். அச்சு அசல், ஒரு இழை பிசகாமல். அப்பாஸின் வாய் மூடியிருந்தது. குரல் பட்டைக்குக் கீழேயிருந்து வந்தது.

"சரிங்க. வாசல்லயே நிக்கிறேன்."

அப்புறம் அந்தச் சத்தம். திண்டுக்கல்லில் அதை அவனை விட நன்றாகத் தெரிந்த காது இருக்க முடியாது. சாவி ஒன்று துளைக்குள் போகிற சத்தம்.

சாவி அவன் கையில் இருந்தது. ரத்தத்தோடு.

முதல் லீவர் எழும்பியது.

சாவித்துளை இருக்கும் பக்கம். சொந்தக்காரன் நிற்கும் பக்கம். அந்தக் காலத்து ஆசாரி எதையும் திருப்பி வைக்கவில்லை.

இரண்டாம் லீவர்.

நாச்சிமுத்து பாய்ந்தான். ஒன்றரை மணி நேரமாக எதைத் திறக்க உயிரை விட்டானோ அதை இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்து அமுக்கினான். முழு பலத்தோடு. அப்பாஸின் தொங்கிய தலை அவன் நெற்றியில் முட்டியது. கதவுக்கு வெளியே அவள் வளையல் சத்தம்.

மூன்றாவது.

"தங்கச்சி." காற்றுதான் வந்தது.

நான்காவது. தாழ் பின்னால் போயிற்று, பிசிறில்லாமல், அவன் செய்த எந்தப் பூட்டிலும் எப்போதும் போவது போல. பட்டை அவன் விரல்களுக்கு அடியில் மெல்ல விரிந்தது. அவன் அமுக்கிக்கொண்டே இருந்தான். அப்பாஸின் பிடரிக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து, தோல் பழுப்பேறிய நான்கு விரல்கள் கதகதப்பாக வெளியே வந்து, நாச்சிமுத்துவின் கட்டைவிரலைத் தொட்டு, அதை அவசரமில்லாமல் பிரித்தெடுத்தன. பிறகு மற்றதை.